கிர் காட்டுச் சிங்கமும் குண்டடத்து ஆட்டுப் பட்டியும்

போன தீபாவளி விடுமுறையில் தங்கையோடு குஜராத்தின் கிர் காட்டுக்குப் போய்ச் சிங்கம் பார்த்து வந்ததை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். சிங்கம் எவ்வளவு வேகமாக ஓடும், சிறுத்தையைவிட வேகமா, மானைப் பிடித்துவிடுமா என்று. அதற்குத் தனியாக ஒரு பதிவு போடலாம் என்றிருந்தேன். அந்தப் பதிவு இப்படி அமையும் என்று நினைக்கவில்லை. இது திருப்பூரிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் முடிந்துபோன பயணம். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தது.

போகக் காரணம் சரஸ்வதி. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் எட்டு வருடம் செக்கிங் மேசையில் என் பக்கத்தில் நின்றவள். தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்து ஒதுக்குவது எங்கள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு, கணவர் பழனிசாமியோடு அவருடைய ஊரான குண்டடம் பக்கம் போய்ச் செம்மறி ஆடு வளர்க்க ஆரம்பித்தாள். கிர் பதிவைப் படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"சிங்கம் பாக்க குஜராத்து வரைக்கும் போவீங்ளாமா, எங்க ஆட்டப் பாக்க இங்க இருக்கற குண்டடம் வர மாட்டீங்ளாக்கா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஞாயிறு மட்டுமே விடுமுறை கிடைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நாளில் போய்வரும் இடமாகவும் எழுதிவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் பல்லடம் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல்லடம் பதினைந்து கிலோமீட்டர். வார நாளில் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். ஞாயிறு என்பதால் முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாசகர்களின் கேள்விக்கு மனத்துக்குள்ளேயே பதிலைக் கோத்துக்கொண்டு வந்தேன்.

சிங்கம் முழு மூச்சில் பாய்ந்தால் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்கிறார்கள். ஆனால் அது சில நொடிகளுக்குத்தான். உடம்பின் கனத்துக்கு அதன் இதயம் சிறியது. நூறு இருநூறு மீட்டருக்குள் இரை சிக்காவிட்டால் நின்றுவிடும். சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி நூறைத் தாண்டும், அதற்கும் நீண்ட நேரம் மூச்சுத் தாங்காது. நம் ஊர்ச் சிறுத்தை இரண்டையும்விட மெதுவானது. பதுங்குவதிலும் மரம் ஏறுவதிலும் அதை மிஞ்ச ஆளில்லை. வெளிமான் சிங்கத்துக்குச் சமமாக ஓடும், அதோடு ஓட்டத்தை நிறுத்தாமலும் ஓடும். அதனால்தான் சிங்கம் வேட்டையில் பெரும்பாலும் தோற்கிறது. நாய்க்கு இவை எல்லாவற்றையும்விட வேகம் குறைவு. ஆனால் விடாமல் ஓடும். சிங்கம் நின்று இளைக்கிற இடத்தைத் தாண்டி நெடுந்தூரம் ஓடும்.

கிர் காட்டில் நாங்கள் பார்த்த சிங்கங்கள் ஓடவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பெண் சிங்கங்கள் தேக்கு மரத்தடியில் மல்லாந்து கிடந்தன. ஒரு நாளில் பெரும்பகுதி தூக்கம்தான் என்றார் வழிகாட்டி. பசி இல்லாவிட்டால் பக்கத்தில் மான் மேய்ந்தாலும் தலையைத் தூக்காது என்றார்.

பல்லடம் பேருந்து நிலையத்தில் இறங்கி டீ வாங்கியபோது சரஸ்வதியிடமிருந்து போன் வந்தது. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன்.

"அக்கா, ஆடெல்லாம் போச்சுங்கக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. திருட்டா என்று கேட்டேன்.

"இல்லீங்க. ராத்திரி ஏதோ உள்ள பூந்திருக்குது. கடிச்சுப் போட்டிருச்சுங்கக்கா. பட்டி பூரா கெடக்குது."

திரும்பிப் போவதா, அங்கே போவதா என்று கொஞ்ச நேரம் நின்றேன். துக்கம் நடந்த வீட்டுக்குப் பாதி வழி வந்துவிட்டுத் திரும்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கோவையிலிருந்து தாராபுரம் போகும் பேருந்து எட்டு மணிக்கு வந்தது. குண்டடத்துக்கு முப்பது ரூபாய் டிக்கெட். தூரம் முப்பத்து மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

பல்லடத்தைத் தாண்டினால் ஊரின் நிறமே மாறும். தறிச் சத்தமும் கோழிப்பண்ணைகளும் குறைந்து, காற்றாலைகள் தெரியத் தொடங்கும். சாலையின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள். இந்தப் பக்கத்தில் அவற்றைக் கொறங்காடு என்பார்கள். உழவு இல்லாமல் புல்லுக்காகவே விட்டுவைத்த காடு, நடுவே வெள்வேல மரங்கள். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொரு வேலியையும் படம் எடுத்திருப்பேன். அன்று போனைக் கையில் எடுக்கவில்லை. சாலையோரப் பள்ளங்களில் கோழிக் கழிவு மூட்டைகளைச் சுற்றி நாய்கள் நின்றதை மட்டும் பார்த்தேன்.

குண்டடத்தில் இறங்கியபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர் செல்லமுத்து மொபெட்டோடு காத்திருந்தார். அறுபது வயதிருக்கும்.

"சிறுத்தைங்க" என்றார் நான் கேட்பதற்கு முன்பே. "போன மாசமே ஒருத்தரு பாத்தேன்னு சொன்னாரு. இப்ப பழனிசாமி பட்டியில கைய வெச்சிருச்சு."

அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மண் பாதை. போகிற வழியெல்லாம் சிறுத்தையைப் பற்றியே பேசினார்.

பட்டி என்பது ஆடுகளை இரவில் அடைக்கும் வளைவு. ஆள் இடுப்புயரத்துக்கு மூங்கில் படல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் படல் சாய்ந்து கிடந்தது. உள்ளே பதினேழு ஆடுகள் செத்துக் கிடந்தன. நான் எண்ணவில்லை, போய் நின்றதும் சரஸ்வதி சொன்ன முதல் வார்த்தை அதுதான். மொத்தம் நாற்பது சொச்சம் இருந்தவை. உயிரோடு இருந்தவை எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதைப் போல ஒடுங்கி நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. நாலைந்து சினை ஆடுகளின் தொடையில் தோல் கிழிந்து தொங்கியது.

பழனிசாமி படலுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இரவு இரண்டு மணி வரைக்கும் காவல் இருந்துவிட்டு, நெஞ்சுச் சளி தாங்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சத்தம் கேட்கவில்லை.

"நீங்க சிங்கத்தையே பாத்துட்டு வந்தவிங்க. பாத்துச் சொல்லுங்க்கா, எதுன்னு" என்றாள் சரஸ்வதி.

ஜீப்பில் உட்கார்ந்து தூங்குகிற சிங்கத்தைப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்? தெரியாது என்றுதான் சொன்னேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. பெரிய பூனை இனம் எல்லாமே கழுத்தைப் பிடிக்கும், கொன்றதைத் தின்னும் என்று கிர் வழிகாட்டி சொல்லியிருந்தார். இங்கே எதையும் எதுவும் தின்றதாகத் தெரியவில்லை.

பதினொரு மணிக்குக் கால்நடை மருத்துவர் வந்தார். ஸ்கூட்டரில் தனியாக வந்த இளம்பெண். முதலில் காயம்பட்ட ஆடுகளுக்கு ஊசி போட்டுத் தையல் போட்டார். நானும் சரஸ்வதியும் பிடித்துக்கொண்டோம். பிறகு செத்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"நாய்ங்க" என்றார்.

பழனிசாமி எழுந்தார். "எப்படிங்க சொல்றீங்க? ஊரே சிறுத்தைங்குது."

"சிறுத்தை கழுத்தப் புடிக்கும்ங்க. மூச்சு நிக்கற வரைக்கும் விடாது. அப்புறம் ஒண்ண இழுத்துட்டு ஒதுக்குப்புறமாப் போயிரும். இங்க ஒரு ஆட்டுக்குத் தொடை, ஒண்ணுக்கு வாலு, ஒண்ணுக்குக் காது. கண்ட பக்கம் கடிச்சிருக்கு. நாலஞ்சு நாய் சேந்து வந்திருக்கும்."

பழனிசாமி என் பக்கம் திரும்பினார். "சிங்கமா இருந்தா எத்தனைங்க கொன்னிருக்கும்?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ரெண்டு" என்றேன். "வயிறு நெறஞ்சா படுத்துக்கும்."

"அப்பச் சிங்கமே வந்திருக்கலாமுங்க" என்றார்.

மருத்துவர் மெல்லச் சொன்னார்: "அதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. காட்டுல ஒண்ணப் புடிச்சா மத்தது தப்பிச்சு ஓடிரும், வேட்டை அதோட முடிஞ்சிரும். பட்டிக்குள்ள ஓட எடமில்ல. கண்ணு முன்னால ஆடு சுத்திச் சுத்தி ஓடிட்டே இருந்தா சிங்கமும் சிறுத்தையும்கூடச் சில சமயம் ஒண்ணோட நிக்காது. நாய்க்குக் கேக்கவே வேண்டாம். அதுக்குப் பசியே இருந்திருக்காது."

பேருந்தில் நான் கோத்துக்கொண்டு வந்த கணக்கெல்லாம் அந்த இடத்தில் பொருளில்லாமல் போயிற்று. எழுபது, எண்பது, நூறு என்பதெல்லாம் திறந்த வெளிக்கான கணக்கு. கிர் காட்டில் எருமை மேய்ப்பவர்கள் சிங்கத்துக்கு நடுவே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய எருமைகள் சிங்கத்தைக் கண்டால் ஓடாதாம்; கூடி நின்று கொம்பைக் காட்டுமாம். செம்மறிக்குக் கொம்பும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. ஓடத்தான் தெரியும். பாதுகாப்புக்கென்று கட்டிய படலே அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டது.

மருத்துவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பழனிசாமி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிவந்தார். கையில் கத்தியும், பயிருக்குப் போடும் குருணைப் பூச்சி மருந்துப் பையும் இருந்தன. செத்த ஆடு ஒன்றை வேலியோரம் இழுத்துப்போய் வயிற்றைக் கீறத் தொடங்கினார். என்ன செய்யப்போகிறார் என்பது எங்களுக்கு உடனே புரிந்தது.

"வேண்டாமுங்க மாமா" என்றாள் சரஸ்வதி.

"ருசி கண்ட நாய் திரும்ப வரும். வரட்டும். வந்து தின்னட்டும்."

மருத்துவர் எழுந்து அருகில் போனார். "இதத் தின்னு நாய் மட்டுமா சாகும்? கீரி சாகும், மயில் சாகும். ஊட்டுல வளக்கற நாயும் சாகும். கேஸும் உங்க மேலதான் ஆகும்."

"ஆகட்டுமுங்க" என்றார் அவர், நிமிராமல். கறித்துண்டுகளில் மருந்தைப் பிசைந்தார்.

அப்போதுதான் பாபின் வந்தது. அது அவர்களுடைய நாய். காலையிலிருந்து காணவில்லை என்பதை அந்தக் கலவரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுத்தைக்குப் பயந்து ஓடியிருக்கும் என்று செல்லமுத்து சொல்லியிருந்தார். எனக்கும் அது பழைய சிநேகிதம். எங்கள் கம்பெனி கேட்டில் குட்டியாகக் கிடந்து, தையல் மிஷினில் நூல் சுற்றும் பாபின்களை உருட்டி விளையாடியதால் அந்தப் பெயர். சரஸ்வதி வேலையை விட்டபோது கூடைக்குள் வைத்துக் கொண்டுபோனாள். பகலெல்லாம் ஆடுகளோடு போய் வருவதும் அதுதான்.

வேலிச் சந்தில் நுழைந்து நேராகப் பழனிசாமியிடம் போயிற்று. வாலை ஆட்டிக்கொண்டு, அவர் கையிலிருந்த கறியை நோக்கிக் கழுத்தை நீட்டியது. மார்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் கை அசையவில்லை. நாயின் மூக்குக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அவர் நாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "சீ, போ, போ கழுத" என்று மற்றக் கையால் அதைத் தள்ளினார். அது விளையாட்டு என்று நினைத்து மறுபடி வந்தது. "சரசு, இதப் புடி, புடி" என்று கத்தினார்.

சரஸ்வதி ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். பற்களின் இடுக்கில் ஆட்டு மயிர் இருந்தது. ஒருவேளை சண்டை போட்டுத் தடுத்திருக்குமோ என்று நான் கேட்டேன். அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

"தனியா இருந்தா இது காவல்தாங்க. நாலு நாய் ஓடும்போது கூட ஓடிருச்சு. அதுக்கு அது தப்புன்னு தெரியாது" என்றார்.

பழனிசாமி தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். மருந்து பிசைந்த கறியை அவரே பொறுக்கிச் சாக்கில் கட்டினார்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் செல்லமுத்து பொக்லைன் ஒன்றை வரவழைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆழமாகக் குழி எடுத்தார்கள். வண்டியால் தள்ளிவிடலாம் என்றார் ஓட்டுநர். பழனிசாமி ஒப்பவில்லை. குழிக்குள் இறங்கி நின்று, நாங்கள் தூக்கிக் கொடுத்த ஒவ்வொரு ஆட்டையும் வாங்கிக் கீழே கிடத்தினார். அந்தச் சாக்கையும் அடியில் வைத்துச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். வேல மரத்தில் கட்டியிருந்த பாபின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது பக்கத்தில் போனால் வாலை ஆட்டியது. சரஸ்வதி அதை அடிக்கவும் இல்லை, அதற்குச் சோறு வைக்கவும் இல்லை.

கிர் காட்டில் வழிகாட்டி சொன்ன இன்னொன்று அப்போது நினைவுக்கு வந்தது. புதிதாக ஓர் ஆண் சிங்கம் கூட்டத்தைப் பிடித்தால் முன்னிருந்த சிங்கத்தின் குட்டிகளைக் கொன்றுவிடுமாம். கேட்டு நாங்கள் 'அடடா' என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனோம். சிங்கம் செய்தால் அது காட்டின் வழக்கம். அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மடியில் போட்டு உண்ணி எடுத்ததில்லை. இந்த நாயின் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

நான்கு மணிக்கு நான் கிளம்பத் தயாரானபோது சரஸ்வதி வந்தாள்.

"அக்கா, இத நீங்க கூட்டிட்டுப் போயிருங்க."

"யோசிச்சுச் சொல்லு சரசு."

"யோசிச்சுட்டனுங்க. அங்க பாருங்க." அவள் நாயின் சங்கிலியை லேசாக ஆட்டினாள். அது எழுந்து நின்றது. பட்டிக்குள் மிச்சமிருந்த ஆடுகள் அத்தனையும் எதிர்ப்படலில் போய் மோதின. முந்தின நாள்வரை அதன் பின்னால் மேயப் போன ஆடுகள். "இனி இது இங்க இருந்தா அதுக மேயாது. அவரும் ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாள் ஏதாச்சும் பண்ணிருவாரு. எனக்குக் கொல்லவும் மனசில்ல, வெச்சிருக்கவும் மனசில்லீங்கக்கா."

பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். செல்லமுத்து அறிந்த சின்னச் சரக்கு வண்டி ஒன்று திருப்பூருக்குக் காலியாக வந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தேன். பழனிசாமி வண்டி வரை வந்தார். நாயைப் பார்க்கவில்லை. என்னிடம், "சாப்புடாமப் போறீங்களே" என்று மட்டும் சொன்னார். நான் முன்னால் உட்கார்ந்தேன், பாபின் பின்னால் கயிற்றில். பல்லடம் வரைக்கும் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. அனுப்பர்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்து சேர மணி ஆறேகால்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பல்லடத்திலிருந்து தாராபுரம் சாலையில் அரை மணிக்கு ஒரு பேருந்தாவது இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் புல் பச்சையாக இருக்கும். சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. கொறங்காடுகள் தனியார் நிலம், கேட்காமல் வேலியைத் தாண்டக் கூடாது. படலைத் திறந்தால் மூட வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும். வண்டியில் போகிறவர்கள் தின்று மிஞ்சிய கறியையும் எலும்பையும் சாலையோரம் எறிந்துவிட்டு வராதீர்கள். அங்கே கூடுகிற நாய்களுக்கு இரவில் வேறு வேலை இல்லை. சிங்கத்தின் வேகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என்னால் முடிந்த பதிலை மேலே எழுதிவிட்டேன். எது வேகமான விலங்கு என்று யாராவது கேட்டால் இப்போதும் சொல்வேன். எது கொடிய விலங்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

காயம்பட்ட ஆடுகளில் மூன்று அந்த வாரமே செத்தன. இரண்டு சினை ஆடுகள் மாதம் நிறையும் முன்பே குட்டியைச் சாகப் போட்டுவிட்டன. மற்றவை தேறின. பழனிசாமி படலுக்குப் பதிலாக ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்து, கட்டிலையும் பட்டிக்கே கொண்டுபோய்விட்டார். பாபின் என் வீட்டு முற்றத்தில் சங்கிலியில் கிடக்கிறது. தெருப்பிள்ளைகள் வந்து கொஞ்சுகிறார்கள். அது யாரையும் கடித்ததில்லை.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூர் வந்த சரஸ்வதி, சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறந்த சத்தத்திலேயே பாபின் எழுந்து சங்கிலி இழுபட நின்று முனகத் தொடங்கியது. அவள் வெகுநேரம் பட்டுப் புடவையோடு கேட்டருகிலேயே நின்றாள். பிறகு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சங்கிலி உரசி அதன் கழுத்தில் மயிர் உதிர்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. "பழைய பனியன் துணி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். பல்லால் கடித்துக் கிழித்து, கழுத்துச் சங்கிலியைச் சுற்றி ஒரு முடிச்சும் உறுத்தாதபடி கட்டினாள். அது அவள் கையை நக்கிக்கொண்டே இருந்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"ராத்திரியில மட்டும் அவுத்து உட்ராதீங்கக்கா" என்றாள்.